கார்டா, பெட்டியா?

"கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராத."

தங்கதுரை அண்ணாச்சி காகிதத்தை மேஜையில் தள்ளினார். அருணாசலவடிவு அதைத் தொடவில்லை.

துறைமுகச் சாலையில் இருந்த அந்தக் கன்டெய்னர் யார்டுக்கு அவர் முதலாளி. அவள் நெட்வொர்க் இன்ஜினீயர். பிரச்சினை, வைஃபை கன்ட்ரோலர். விளக்குக் கம்பங்களில் மாட்டியிருக்கும் ஆன்டெனாக்கள் அத்தனையையும் மேய்ப்பது அதுதான். அது படுத்தால் டிரைவர்கள் கையிலிருக்கும் ஸ்கேனரும் படுத்துவிடும்; எந்தக் கன்டெய்னரை எங்கே தூக்கி வைப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. போன மாதம் ஆபீஸில் ஏ.சி. நின்று, எல்லா ஒயரும் வந்து சேரும் கோர் ஸ்விட்ச் சூடேறி அணைந்தபோது அதுதான் நடந்தது. இறால் கன்டெய்னர் யார்டிலேயே நிற்க, கப்பல் கொழும்புக்குப் போயே விட்டது.

"வாங்கப்போற புது கன்ட்ரோலர் இனிமே நிக்காதுன்னு எழுதித் தரணும். அம்புட்டுதான்" என்றார் அண்ணாச்சி.

புதுசில் இரண்டு வகை: ஸ்விட்ச்சுக்குள் சொருகும் கார்டு, தனியாக நிற்கும் பெட்டி. விற்க வந்திருந்த ஹென்றி, கார்டுதான் என்று சாதித்தான்.

"கோர் ஸ்விட்ச்ல ஒரு ஸ்லாட் காலியா கிடக்கு அண்ணாச்சி. சொருகினா முடிஞ்சுது. தனிப் பெட்டின்னா தனி கரண்டு, தனி ஒயர், தனி இடம்."

"அவன் சொல்லுதது சரிதானளா?"

"கார்டு அந்த ஸ்விட்ச் வயித்துக்குள்ள இருக்கும் அண்ணாச்சி. ஸ்விட்ச் செத்தா கூடவே சாகும். தனிப் பெட்டி சாகாது. நீங்க கார்டுக்குக் கையெழுத்துக் கேக்கிய. பொய்க்கு நான் போட மாட்டேன்."

"அப்போ உன் பெட்டி சாகாதுன்னு காட்டு."

"காட்டுதேன்."

சோதித்துப் பார்க்க வாங்கி வைத்திருந்த பெட்டி, கோர் ஸ்விட்ச்சுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. வடிவு நேராகப் போனாள். கோர் ஸ்விட்ச்சின் கரண்டைப் பிடுங்கினாள்.

மறுகணம் வாக்கி டாக்கி அலறியது. கன்டெய்னர் தூக்கும் வண்டியின் டிரைவர் பிச்சையா.

"வடிவு, ஸ்கேனர்ல சக்கரம் சுத்துது. நான் கன்டெய்னரத் தூக்கிட்டு அந்தரத்துல நிக்கேன். கீழ வைக்கவா, ஊருக்குக் கொண்டுபோகவா?"

ஹென்றி தொண்டையைச் செருமினான். "மேடம், பெட்டி தனிதான். ஆனா ஆன்டெனா ஒயர் பூராவும் கோர் ஸ்விட்ச் வழியாத்தான பெட்டிக்கு வருது?"

அவளுக்குக் காது சூடாயிற்று. அவன் சொன்னது உண்மை. சரியான பெட்டியைத் தப்பான இடத்தில் வைத்திருந்தாள்.

"பெட்டி வேற, உயிரு ஒண்ணுதானா?" அண்ணாச்சி காகிதத்தை மறுபடி தள்ளினார். "போடு."

"சாயந்தரம் வரைக்கும் டைம் தாங்க."

"எதுக்கு? திரும்பவும் சாகடிக்கவா?"

"ஆமா."

ஸ்விட்ச்சுக்குக் கரண்டைக் கொடுத்தாள். பெட்டியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். கேட் ஷெட்டில் தனி இன்டர்நெட் லைனும் தனி பேட்டரியும் உண்டு; ஸ்கேனருக்கு நம்பர் வருவதும் இன்டர்நெட் வழியாகத்தான். பெட்டியை அங்கே மாட்டினாள். ஆன்டெனா ஒயர்கள் முதலில் வந்து இறங்குவது கிரேன் ஷெட்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச்சில். அங்கிருந்து கேட்டுக்கு நேராக ஒரு ஒயர் இழுத்துவிட்டால் ஆபீஸ் பக்கமே போக வேண்டாம்.

ஸ்டோரில் மிச்சம் கிடந்த ஃபைபர் ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறினாள். துறைமுகத்திலிருந்து பறந்து வந்த கரித்தூள் கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டு ஏறினாள்.

"ஏலே ஹென்றி, வேடிக்க பாக்கதுக்குப் பதிலா ஏணியப் பிடி" என்றார் வண்டியிலிருந்தபடியே பிச்சையா.

பிடித்தான். "தோத்தா என்ன செய்வீங்க மேடம்?"

"அதப் பெறவு பாக்கலாம். இப்போ ஏணிய விட்ராத."

சாயந்தரம். "இந்தத் தடவ நான் பிடுங்குதேன்" என்றார் அண்ணாச்சி.

பிடுங்கினார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் திணறின. கேமரா திரைகள் கறுத்தன. வாக்கி டாக்கியில் சத்தமே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று ஒருவருக்கும் புரியவில்லை.

வடிவு பொத்தானை அழுத்தினாள். "பிச்சையாண்ணே?"

"என்னளா, வேல நேரத்துல? அடுத்த நம்பர் வந்திருச்சு. ரெண்டாவது வரிசைல வைக்கச் சொல்லுது, வச்சுட்டு வாரேன்."

அண்ணாச்சி ஹென்றி பக்கம் திரும்பினார். "உன் கார்ட கேட்டுக்குக் கொண்டுபோய் வைக்க முடியுமாலே?"

"முடியாது அண்ணாச்சி. அது ஸ்விட்ச்ச விட்டு எறங்காது."

"அப்போ பெட்டிக்கே பில்லு போடு."

"ரெண்டு பெட்டி" என்றாள் வடிவு.

"என்னது?"

"கேட்டுல ஒண்ணு, கிரேன் ஷெட்டுல ஒண்ணு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பாத்துக்கிடும். ஒத்தப் பெட்டிய நம்பி, 'நிக்காது'ன்னு எழுதித் தர மாட்டேன். நாளையிலேர்ந்து வர வேண்டாம்னாலும் சரிதான்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். கரி அப்பிய முகம். அதில் இறங்கிவரும் உத்தேசம் எதுவும் தெரியவில்லை.

"ஏலே ஹென்றி, ரெண்டுன்னே எழுது" என்றவர் வடிவு பக்கம் திரும்பினார். "நீ காலைல வெள்ளனே வந்துரு. இப்போ முதல்ல அந்த ஸ்விட்ச்சப் போடு, கேமரா இருட்டா கிடக்கு."