அப்பா தூங்குகிறார்

லாரி செட்டின் வாசலை ஒட்டி ஒரு பழைய லாரி சீட் கிடந்தது. வண்டி பழைய இரும்புக்குப் போனபோது சீட் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றுவிட்டது போல, பஞ்சு பிதுங்கி, ஸ்பிரிங் எட்டிப் பார்க்க, சுவரோரம் கிடந்தது. தினமும் சாயங்காலம் அதில் வயசான டிரைவர்கள் இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். இருவருக்கும் அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு வீட்டில் கிடைக்கவில்லை என்பதால் அதைத் தேடிக்கொண்டு மறுபடி செட்டுக்கே வந்துகொண்டிருந்தார்கள்.

ஒருவருக்குப் பெயர் ரிவர்ஸ். வாழ்நாள் முழுக்க வண்டியை முன்னால் ஓட்டியவர்தான். ஒரே ஒரு முறை பின்னால் எடுத்தபோது, செட்டின் காம்பவுண்டுச் சுவரை முதலாளியின் கண்ணெதிரிலேயே படுக்க வைத்துவிட்டார். ஓட்டிய தூரமெல்லாம் எல்லாருக்கும் மறந்துபோய், சுவர் மட்டும் நிலைத்துவிட்டது. "ஒழுங்கா ஓட்டினவனுக்கெல்லாம் பேரே கிடைக்கல. எனக்காவது கிடைச்சுதே" என்று அவரே சொல்லிக்கொள்வார். இன்னொருவர் ஹாரன். அவர் காதோடு காதாக ரகசியம் சொன்னால் எதிர்ச்சாரிக் கடைக்காரர் பதில் சொல்வார்.

போன வாரம் வரைக்கும் அந்தச் சீட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆளான சாமியார் தவறிப்போய்விட்டார். நிஜச் சாமியார் இல்லை. வண்டி நின்ற இடத்தில் மற்றவர்கள் சீட்டுக்கட்டைப் பிரித்தால், இவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆட்டத்தில் சேராமல் உட்கார்ந்திருப்பார். அதனால் வந்த பெயர். அவரும் ரிவர்ஸும் ஒரே வண்டியில் ஜோடி டிரைவர்கள். நெடுந்தூர வண்டியில் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்க வேண்டும். பிறகு ஆள் மாற வேண்டும். "அவன் தூக்கம் எனக்குத் தெரியும், என் தூக்கம் அவனுக்குத் தெரியும். முழிச்சிருக்கிற ஆளைத்தான் ரெண்டு பேருக்கும் அவ்வளவாப் பழக்கமில்ல" என்று ரிவர்ஸ் சொல்லிச் சிரிப்பார். சாமியாரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் யாரிடமோ இதையே சொன்னார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வாரம் ஒரு சாயங்காலம் சாமியாரின் மூத்த மகள் செட்டுக்கு வந்தாள். மருந்துக் கடையில் வேலை. முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். தோளில் பை, முகத்தில் நாளெல்லாம் நின்ற களைப்பு. கிழவர்கள் இருவரும் பதறி எழுந்ததில் ஸ்பிரிங் கிரீச்சென்று ஒரு குரல் கொடுத்தது.

"உட்காருங்க மாமா. எனக்காக எழுந்திரிக்காதீங்க."

"நாங்க எழுந்திரிச்சாத்தானேம்மா நீ உட்கார முடியும். மூணு பேருக்கு மேல தாங்காது இது" என்றார் ரிவர்ஸ். சொல்லி முடித்த பிறகுதான் இப்போது மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்பது உறைத்தது. அவள் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாரும் வீட்ல கூடுறாங்க. அப்பாவைப் பத்தி ஆளுக்கு நாலு வார்த்தை பேசணும்னு சித்தப்பா சொல்லிட்டாரு. மூத்தவ நான்தான் ஆரம்பிக்கணுமாம்." பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நேத்துலருந்து யோசிக்கிறேன் மாமா. ஒண்ணுமே வரல. எனக்கு அவரைப் பத்தி ஒண்ணும் தெரியல. நீங்கதான் அவர்கூடவே இருந்தீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ஒண்ணா? ஓராயிரம் இருக்கே!" என்று ஹாரன் கிளம்பினார். எதிர்ச்சாரிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சரக்கு இறக்க முறை வராமல் கிடங்கு வாசலில் நாள்கணக்கில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அதற்கு ஹால்ட் என்று பெயர். டிரைவர்களுக்கு அதுதான் ஊர், அதுதான் வீதி. வண்டிக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சமைப்பது, பக்கவாட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்வது, தார்ப்பாய்க் கயிற்றில் துணி காயப்போட்டுவிட்டு, அது காய்கிற வரைக்கும் துண்டோடு திரிவது எல்லாவற்றையும் ஹாரன் அவளுக்கு விவரித்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெரிய கதைக்கு வந்தார்.

"ஒரு ஹால்ட்ல பக்கத்துல பெரிய ஏரிம்மா. ஒரு நாய் தண்ணில விழுந்து தத்தளிக்குது. நாங்கல்லாம் கரையில நின்னு வேடிக்கை பார்க்கிறோம். உங்கப்பா என்ன பண்ணினாரு? சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுத் தடால்னு குதிச்சாரு பாரு..."

"அப்பாவுக்குத் தண்ணின்னாலே பயமாச்சே. முட்டிக்கு மேல இறங்க மாட்டாரே மாமா."

ஹாரன் வாயைத் திறந்தபடி இருந்தார். "அப்போ குதிச்சது யாரு?"

"நான்டா" என்றார் ரிவர்ஸ்.

"நீயா? நீ கரையில நின்னு நாயைப் பார்த்து 'காலை ஆட்டு, காலை ஆட்டு'ன்னு கத்தினவன்!"

"அது வேற ஏரி."

ஹால்ட்டின் கதைகளுக்கு இதுதான் வியாதி. ஒரே வெயில், ஒரே புழுதி, ஒரே சோறு. யாருக்கு எது நடந்தது என்பது சில வருஷத்தில் கலந்துபோகும். ஒருவன் கதை இன்னொருவன் வாசலில் இறங்கிவிடும், விலாசம் மாறி இறங்கிய லோடு மாதிரி. யாரும் கேட்கவும் மாட்டார்கள். ரிவர்ஸ் மனசுக்குள் தன்னுடைய நல்ல கதைகளாக இரண்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். அவை தன் பையனுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. வீணாகக் கிடப்பதை இந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? சாமியார் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

அவள் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "பெருசா எதுவும் வேணாம் மாமா. நிஜமா நடந்தது ஒண்ணு போதும்."

ரிவர்ஸ் எடுத்த கதைகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் முதுகுதான்" என்றாள் அவள். "வீட்டுக்கு வந்தா ரெண்டு நாள் இருப்பாரு. சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துப்பாரு. அவ்வளவுதான். அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதேன்னு அம்மா கண்ணாலேயே மிரட்டுவா. ஜன்னல் ஆடுற சத்தம் வரக்கூடாதுன்னு சந்துல காகிதத்தை மடிச்சு வைப்பா. வாளி கைப்பிடிக்குத் துணி சுத்துவா. விசில் வரும்னு குக்கரே வைக்க மாட்டா. நாங்க மூணு பேரும் சைகையிலயே சண்டை போடுவோம். தம்பி முதமுதலாப் பேசின முழு வாக்கியமே 'அப்பா தூங்குதாதூ'தான்." சிரிக்கப் பார்த்தாள். "எங்களைப் பார்க்கப் பிடிக்காமத்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரோன்னு நினைச்சுப்பேன்."

"அவன் எங்கேம்மா தூங்கினான்?" என்றார் ரிவர்ஸ்.

வாய் முந்திக்கொண்டது. சுவரை இடித்த அன்றைக்கும் இப்படித்தான், கால் முந்திக்கொண்டது. ஹாரன் திரும்பி அவரை முறைத்தார்.

"என்ன மாமா?"

இனி மறைக்க வழியில்லை. "வண்டில தூங்கிப் பழகினவனுக்குச் சத்தம்தான்மா தாலாட்டு. இன்ஜின் ஓடிட்டே இருக்கணும். எதிர்ல வர்ற விளக்கு கண்ல அடிக்கும், அதனாலதான் பின்பக்கம் திரும்பிப் படுக்கிறது. அது பழக்கம், பிடிக்காம இல்ல. உங்கப்பா பக்கத்து வண்டி ஹாரனுக்கு அசைய மாட்டான், டயர் கழட்டுற சத்தத்துக்கு அசைய மாட்டான். ஆனா ரயில் கேட்டுல நான் இன்ஜினை நிறுத்தினேன்னு வச்சுக்க, சாவியிலருந்து கையை எடுக்கிறதுக்குள்ள 'என்னடா ஆச்சு?'ன்னு எழுந்து கூரையில தலையை இடிச்சுப்பான். ஓடுற வண்டில சத்தம் நின்னா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். உடம்பு அதைக் கத்துக்கிட்டா மறக்காது."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வீடு அவ்வளவு அமைதி. அவனுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வராது. வீட்ல இருக்கிற ரெண்டு நாளும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு முழிச்சுத்தான் கிடப்பான். வண்டி கிளம்பினதும் என்னைப் பாவமாப் பார்ப்பான். 'மாப்ள, முத ஷிப்ட் நீயே ஓட்டு, ரெண்டு நாளாத் தூங்கல'ம்பான்."

"அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே! அவ சாகிற வரைக்கும் அதைப் பெருமையாச் சொல்லிட்டிருந்தா. 'நான் அவருக்கு நல்ல தூக்கம் கொடுத்தேன்'னு."

"அதனாலதான் சொல்லல. நானும் கேட்டேன். 'அவ வாளிக்கெல்லாம் துணி சுத்தி வச்சிருக்காடா, அதைப் போய் எப்படி வேணாம்கிறது'ன்னுட்டான்."

ஹாரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் குரலை நினைத்துப் பயந்தவர் போல மூடிக்கொண்டார்.

"சும்மாவும் படுத்திருக்க மாட்டான்" என்று ரிவர்ஸ் தொடர்ந்தார். இப்போது அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "நீங்க குசுகுசுன்னு பேசுறதையெல்லாம் கேட்டுட்டிருப்பான். ஹால்ட்ல நாங்க சீட்டு விளையாடுவோம், அவன் பக்கத்துல உட்கார்ந்து உங்க கதையா ஓட்டுவான். பெரியவளுக்குப் பல்லு ஆடுது, யார்கிட்டயும் சொல்லாம நாக்கால தள்ளிட்டிருக்கா. பையனுக்கு 'ர' வரல. சின்னவ அக்காவோட கலர் பென்சிலை உடைச்சுட்டு, ஒட்டிப் பெட்டிக்குள்ள திருப்பி வச்சுட்டா..."

"பென்சிலை அவளா உடைச்சா?" அவள் நிமிர்ந்தாள். "சிவப்புப் பென்சில். பக்கத்து வீட்டுப் பையன் உடைச்சான்னு அவன்கூட ஒரு வருஷம் பேசாம இருந்தேன் மாமா!"

"எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும்" என்றார் ஹாரன். "மொத்த ஹால்ட்டுக்கும் தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். ரிவர்ஸுக்கு நெஞ்சு லேசானது. வந்த காரியம் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு இவளுக்குப் பேச்சு கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

அப்போது அவள் சிரிப்பு நின்றது. முகத்தில் ஒவ்வொன்றாக விளக்கு அணைவது போல இருந்தது.

"எல்லாமே கேட்டுச்சா மாமா?"

ரிவர்ஸுக்கு எங்கே வருகிறாள் என்று புரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் வாயைக் கொடுத்தது அவர்தான். குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"நான் தங்கச்சிகிட்டக் கேட்பேன்" என்றாள் மெதுவாக. "அப்பா எப்போ போவாருன்னு. அவர் போனாத்தானே நாங்க சத்தம் போட்டு விளையாட முடியும். ஒரு தடவை இல்ல மாமா. வர்ற ஒவ்வொரு தடவையும் கேட்பேன். படுக்கைக்குப் பக்கத்துல நின்னே கேட்டிருக்கேன்."

"அதெல்லாம் கேட்டிருக்காதும்மா" என்றார் ஹாரன். அவர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் சொன்னதில்லை. "சின்னக் குழந்தை குரல், அது எங்க கேட்கப் போகுது."

அவள் ஹாரனைப் பார்க்கவில்லை. ரிவர்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தலையாட்டல் போதும். இல்லை என்று தலையை ஆட்டினால் இந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். பல்லும் பென்சிலும் போதும் அவளுக்கு. ஆனால் நிஜமாக நடந்தது ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தவள் அவள். இதில் பொய்யைக் கலந்தால் பென்சிலும் நாய்க்கதை ஆகிவிடும். எதை நம்புவது என்று இவளுக்குத் தெரியாமல் போய்விடும்.

"கேட்டுச்சும்மா" என்றார்.

அவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஒரு தடவை கிளம்பறதுக்கு முந்தின நாளே பையைத் தூக்கிட்டு இங்க வந்துட்டான். நான் பிரேக் பார்க்க வந்திருந்தேன். 'என்னடா, இன்னைக்கு லோடு கிடையாதே'ன்னேன். 'தெரியும், வீட்ல லோடு இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்'னான். 'புள்ளைங்க வாயைப் பொத்திட்டே திரியுதுங்க மாப்ள, பாவமா இருக்கு. நாளைக்கு ஸ்கூல் லீவு. கத்தி விளையாடட்டும்'னான். அதுலருந்து எப்பவும் ஒரு நாள் முன்னாடியே வந்து, ராத்திரி இங்க வண்டிலயே படுத்துக்குவான்."

"கோபமா இருந்தாரா?"

"கோபமா இருந்திருந்தா நான் கேலி பண்ணிச் சரி பண்ணியிருப்பேன். கோபமில்லம்மா. 'அப்பா எப்போ போவாருன்னு பெரியவ நறுக்குனு கேக்குறா மாப்ள, எவ்வளவு தெளிவாப் பேசுறா பாரு'ன்னு சொன்னான். நான் அவன் முகத்தைப் பார்க்கல. பிரேக்கைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

அவள் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. செட்டுக்குள்ளே ஏதோ வண்டி ஒன்று கிளம்பலாமா வேண்டாமா என்று உறுமிக்கொண்டிருந்தது. டயர் பட்டறையில் இரும்பு வளையத்தை யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க எந்த இடத்துல படுப்பாரு?"

ரிவர்ஸ் கையைக் காட்டினார். "அதோ, அந்தப் பட்டறைக்குப் பக்கத்துல. வண்டியை அங்கதான் போடச் சொல்வான். தட்டுற சத்தம் நல்லாக் கேட்கும்."

"நல்லாத் தூங்கினாரா?"

"முத தடவை தூங்கல." ரிவர்ஸ் சீட்டில் பிதுங்கிய பஞ்சை விரலால் உள்ளே தள்ளினார். "அப்புறம் பழகிட்டான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்தாள். பையைச் சீட்டிலேயே விட்டுவிட்டு, கிரீஸ் படிந்த தரையைத் தாண்டிப் பட்டறைப் பக்கம் நடந்தாள். அங்கே வண்டி எதுவும் இல்லை. வண்டிகள் நின்று நின்று கறுத்துப்போன சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. அதன் நடுவில் போய் நின்றாள்.

ரிவர்ஸ் பின்னாலேயே எழப் போனார். ஹாரன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

யாரோ ஒரு பெண்மணி வந்து நிற்பதைப் பார்த்துப் பட்டறைக்காரர் மரியாதைக்குச் சுத்தியலைக் கீழே இறக்கினார். சட்டென்று அந்த மூலை அமைதியாகிவிட்டது.

"நிறுத்தாதீங்கண்ணா" என்றாள் அவள். "நீங்க பாட்டுக்குத் தட்டுங்க."

பட்டறைக்காரர் குழம்பிப்போய், வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர்களைப் பார்த்தார். ரிவர்ஸ் தட்டு என்று கையால் சைகை காட்டினார். சுத்தியல் மறுபடி விழத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றாள்.