ஓரவஞ்சனைக்கு இரண்டு அட்டைகள்

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாமாக ஜோடிக்கக் கூடாது. யாராவது நிஜமாகப் பேசியதாக இருக்க வேண்டும். கேட்டதை அட்டையில் எழுதி, சொன்னவர் யார் என்றும் குறித்துப் பெட்டியில் போட வேண்டும்.

'ஓரவஞ்சனை' என் பங்குக்கு வந்தது. பொருள் எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வேற்றாள் செய்தால் அது வெறும் அநியாயம். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியவர் ஒருவர் பக்கம் சாய்ந்தால்தான் ஓரவஞ்சனை. பன்னிரண்டு வருஷம் மாடாய் உழைத்தவனுக்குத் தெரியாதா?

போன வருஷம் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். மனசுக்குள் நான் வைத்த பெயர் செல்லப்பிள்ளை. அகராதியின் தலைமை ஆசிரியரம்மா தினமும் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மணி நேரம் ஆகும். என் தாளை மட்டும் வாசலிலேயே வாங்கி, கையெழுத்துப் போட்டு நீட்டிவிடுவார். இத்தனை வருஷத்தில் உட்கார் என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் புலம்பினால், அவளைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதி தன்னோடு பேசினால் புண்ணியமாகப் போகும் என்றாள் மனைவி.

புலம்பியதையே அட்டையில் எழுதினேன். "ஒரே வேலைதான், அவளுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. இது ஓரவஞ்சனை." சொன்னவர்: ஓர் ஊழியர், மனைவியிடம்.

பெட்டியைத் திறந்தால், அதே சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் அட்டை கிடந்தது. செல்லப்பிள்ளையின் கையெழுத்து.

"ஆபீஸ்ல சீனியர் அண்ணன் எழுதினா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறாங்க. என்னை உக்கார வச்சு வரி வரியாக் கிழிக்கறாங்க. இந்த ஓரவஞ்சனையை யார்கிட்டப் போய்ச் சொல்ல?" சொன்னவர்: மகள், அம்மாவிடம், போனில்.

குதிக்காத குறைதான். சாத்திய கதவுக்குப் பின்னால் இதுவா நடந்தது? ஆனால் மறுபடி படித்தபோது சந்தோஷம் போய்விட்டது. அவள் வாக்கியத்தில் ஓர் ஆள் நிஜமாகப் பேசுவது கேட்டது. என்னுடையது மனு எழுதின மாதிரி இருந்தது. அவளுடையதைக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கை வரவில்லை.

இரண்டையும் ஆசிரியரம்மாவிடம் நீட்டினேன். வாசலில் நின்றபடி படித்தார். இரண்டுமே தன்னைப் பற்றித்தான் என்று புரிந்திருக்கும். அவள் அட்டையில் கையெழுத்துப் போட்டார். என்னுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"உள்ள வந்து உக்காருப்பா," என்றார்.

கதவைச் சாத்தும்போது செல்லப்பிள்ளை தன் மேசையிலிருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு வயிறு எரிவது எனக்கு நன்றாகவே தெரிந்தது.