பாயில் இருபது நிமிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். சோபாவின் ஓரத்தில் கீழ்வீட்டு நர்ஸம்மா. மறு ஓரத்தில் அவருடைய ஐந்து வயது இரட்டைப் பெண்கள், ஒரே மெத்தையில் இருவராக. சமையலறை வாசலில் முக்காலி போட்டு என் மனைவி. சுவரோரம் சக்கர நாற்காலியில் என் அண்ணன். நான் சாப்பாட்டு மேசையருகே, கையில் கடிகாரத்தோடு. நடுக்கூடத்தில், நீலக் கோடு போட்ட பாயின் மேல், தந்தி.

தந்தி அண்ணனுடைய நாய். அதன் வேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் இருபத்தாறு வருஷம் ஆட்டுச் சந்தையில் இருந்தார். லாரியிலிருந்து இறங்கும் ஆடுகளைப் பிரித்துப் பட்டிகளில் அடைப்பது அவர் வேலை. கடைசி சில வருஷங்களாக அந்த வேலையில் பாதி அவர், பாதி நாய். முப்பது ஆட்டை ஒன்றுகூடச் சிதறாமல் வாசலுக்குள் நுழைத்துவிடும் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. தபால் பிரிக்கும் அலுவலகத்தில் எனக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் விடுமுறை, அந்த ஒரு நாளும் ஆட்டுப் புழுக்கையை மிதிக்கப் போவானேன் என்று இருந்துவிட்டேன்.

சென்ற வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கல்யாணம் ஆகாதவர். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் மூன்றாம் மாடிக்குக் கூட்டி வந்தோம். நாயும் கூட வந்தது. கை கால் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி அம்மா என்ன சொன்னாலும் அண்ணன் கையைத் தூக்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார். நாய் வந்து முழங்காலில் முகத்தை வைத்தால் மட்டும் அந்த வலது கை தானாக அரை அடி நகரும். "இந்த நாய் இருக்கிற வரைக்கும் இவருக்கு நம்பிக்கை இருக்கு" என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் நாய் நாயாக இருக்கவில்லை. வந்த வாரமே வீட்டிலுள்ள செருப்புகளை எல்லாம் ஒரு மூலையில் சேர்த்தது. கதவுக்கும் பால்கனிக்கும் நடுவே நடந்து நடந்து தரையில் தடம் விழுந்தது. மாடிப்படியில் வருகிறவர்களைச் சுவரோரம் ஒதுக்கியது. ஒரு நாள் நர்ஸம்மாவின் இரட்டையரைக் கடிதப் பெட்டிகளுக்கும் தூணுக்கும் நடுவே கால் மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தது. கடிக்கவில்லை, குரைக்கவுமில்லை, எதிரே நின்று பார்த்தது, அவ்வளவுதான். குழந்தைகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

செயலாளர் மேலே வந்தார். "சார், நாய் வச்சுக்கறதுல தப்பில்ல. இது நாயா, போலீஸான்னுதான் புரியல" என்றார். கடைசியில் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் நாயை அடக்கமாக இருக்கப் பழக்க வேண்டும். அவரும் நர்ஸம்மாவும் குழந்தைகளோடு வந்து உட்காருவார்கள். கட்டாமல் விட்ட நாய் இருபது நிமிடம் பேசாமல் இருந்தால் அது இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் வெளியே.

மனைவி கால்நடை மருத்துவமனையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வாங்கி வந்தாள். பாயை விரி, நாய் அதில் படுத்ததும் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு தின்பண்டத் துண்டை வை, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. நான் ஒரு நோட்டில் கோடு போட்டுத் தேதி, நேரம், ஈரல் துண்டு எத்தனை என்று எழுதிவந்தேன். முதல் நாள் நாற்பது வினாடி. பத்தாம் நாள் மூன்று நிமிடம். நாற்பதாம் நாள் பதினொன்று. அறுபத்தோராம் நாள் இருபத்திரண்டு நிமிடம். முழங்கைகளை உடம்போடு ஒட்டி, காதை முன்னே நிறுத்தி, கண் கொட்டாமல் கிடக்கும். பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையில் முதல் மாணவன் நிற்பதுபோல இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

"என்னங்க, அது படுத்திருக்கற அழகைப் பாத்தா எனக்கே படுக்கணும்போல இருக்கு" என்பாள் மனைவி.

"நீ படுத்துட்டா ஈரலை யாரு வேக வைக்கறது?"

"உங்களுக்கு ஒரு பாய் விரிச்சிருக்கணும், கல்யாணத்தன்னைக்கே."

பாய்ப் பயிற்சி நேரத்தில் அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போடச் சைகை காட்டிவிட்டு நாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் முகம் நன்றாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஐந்தாவது நிமிடத்தில் இரட்டையரில் ஒருத்தி தும்மினாள், நாய் அசையவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் மனைவி தேநீர் கொடுத்தாள், அசையவில்லை. இருபது ஆனதும் நான் கடிகாரத்தை மேசையில் வைத்தேன்.

"அடேயப்பா!" என்றார் செயலாளர். "எங்க மாப்பிள்ளைகூட ஒரு நாளும் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு உக்காந்ததில்ல. என்னம்மா சொல்றீங்க?"

நர்ஸம்மா சிரித்தார். "எனக்கென்னங்க, இப்படியே இருந்தா சரிதான்."

இருவரும் எழுந்தார்கள். குழந்தைகள் சோபாவிலிருந்து சறுக்கி இறங்கி, ஒருத்தி கதவுப் பக்கமும் ஒருத்தி பால்கனிப் பக்கமும் ஓடினார்கள்.

பாயில் நாய் இல்லை. வயிறு தரையில் உரசத் தாழ்ந்து போய் பால்கனிக்காரியை மறித்தது, அரை வட்டம் அடித்துக் கதவுக்காரியைத் திருப்பியது. செயலாளர் ஒரு அடி பின்வாங்கினார். அந்த ஒரு அடியைப் பிடித்துக்கொண்டு அவரை இன்னும் மூன்று அடி தள்ளியது. எண்ணி ஒரு நிமிடத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நாலு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். செயலாளர் கையில் தேநீர்க் கோப்பை அப்படியே இருந்தது.

"தந்தி! பாய்! பாய்!" என்று மனைவி ஈரல் கிண்ணத்தை நீட்டிக் கத்தினாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரட்டையரில் ஒருத்தி மேசைக்கடியில் நழுவினாள். நாய் பாய்ந்து அவள் குதிகாலை ஒரு கவ்வு கவ்வி விட்டது. அவள் வீறிட்டுக்கொண்டு அம்மாவிடமே ஓடிவந்தாள்.

அப்போது அண்ணன் இடது கையின் இரண்டு விரலை வாயில் வைத்தார். சந்தையில் அவர் நாயை விசிலடித்துத்தான் நடத்தியிருக்கிறார். ஓடச் சொல்ல ஒன்று, நிறுத்த ஒன்று. வாயின் வலது பக்கம் மூடவில்லை. வெறும் காற்றும் எச்சிலும் வந்தன. மறுபடியும் ஊதினார். நாய் ஒவ்வொரு முறையும் அவரைத் திரும்பிப் பார்த்தது. காது நிமிர்ந்து காத்திருந்தது. ஒன்றும் வராததால் மறுபடி மூலையைப் பார்த்துக்கொண்டது. நாலாவது முறை ஊதிவிட்டு அவர் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக் குளியலறையில் அடைத்தேன்.

குழந்தையின் குதிகாலில் சிவப்பாக இரண்டு புள்ளி. ரத்தமில்லை. நர்ஸம்மா இருவரையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். செயலாளர் கோப்பையை மேசையில் வைத்தார். "சாரி சார்" என்றார், அவர்தான் தப்பு செய்தவர்போல.

அவர்கள் போனதும் நான் அண்ணன் எதிரே உட்கார்ந்தேன்.

"இருபது நிமிஷம் நல்லாத்தானேண்ணே படுத்திருந்துச்சு? அப்புறம் என்ன ஆச்சு?"

"அது எங்கடா படுத்திருந்துச்சு? வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சு." வார்த்தைகள் குழறித்தான் வந்தன, ஆனால் மாதக்கணக்கில் அவர் பேசாத நீளம். "ஆடு நகரட்டும்னு கெடந்துச்சு. சந்தையில அப்படித்தான் கெடக்கும்."

"மூணு மாசமாவா?"

"மூணு மாசமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்றாள் மனைவி.

"சொன்னா நிறுத்திடுவீங்கம்மா. எங்க ரெண்டு பேருல ஒருத்தராவது வேலை பாக்கட்டுமேன்னு இருந்துட்டேன்."

மனைவி துண்டுப் பிரசுரத்தைத் தேடி எடுத்து வந்து ஒரு வரியில் விரல் வைத்தாள். இடுப்பு ஒருக்களித்து, தாடை தரையில் பட்டு, உடம்பு தளர்ந்திருந்தால் மட்டும் தின்பண்டம் கொடுக்கவும் என்று இருந்தது. அந்த வரியை நான் முதல் நாளே படித்திருக்கிறேன். நிமிடங்களைத்தான் நோட்டில் ஏற்றினேன். தாடைக்கு நான் கட்டம் போடவில்லை. அந்த மூன்று மாதமும், விறைத்துக் கிடந்ததற்கு நாங்கள் கையால் எடுத்து ஊட்டியிருக்கிறோம். புதிதாக ஆரம்பிக்க இன்னொரு மூன்று மாதம் யாரும் தரப்போவதில்லை.

சங்கத்தின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது. ரயிலில் ஒன்பது மணி நேரத் தூரத்தில் உள்ள ஓர் ஆட்டுப் பண்ணைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே விசாரித்து எழுதியிருந்தேன். அதன் மேலாளர் மூன்று கேள்வி கேட்டுப் பதில் போட்டிருந்தார். வயது என்ன, கடிக்குமா, வேறு ஆள் சொன்னால் கேட்குமா. சனிக்கிழமை காலை அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

வயது ஆறு என்று எழுதினேன். இரண்டாவதற்கு, குதிகாலைக் கவ்வும், ரத்தம் வராது என்று எழுதினேன்.

"அதை எழுதித்தான் ஆகணுமா?" என்றாள் மனைவி.

"கேட்டிருக்காரே."

"எழுதினா எடுத்துக்க மாட்டாங்க."

"எழுதாம அனுப்பினா அடுத்த வாரமே திருப்பி அனுப்புவாங்க. அப்புறம் முனிசிபாலிட்டி வண்டிதான்."

மூன்றாவது கேள்விக்கு அண்ணன், "விசிலை எழுது" என்றார். எனக்கு விசிலடிக்க வராது. மனைவிக்கும் வராது. அவர் உதட்டைக் குவித்துக் காற்றை விட்டுக் காட்டினார், நான் எழுத்தில் பிடிக்கப் பார்த்தேன். இடது பக்கம் சுற்ற: நீளமாக ஒன்று, முடிவில் மேலே ஏறும். வலது பக்கம்: குட்டையாக இரண்டு. நெருங்கி வர: தணிவாக, விட்டு விட்டு. நிற்க: ஒன்றே ஒன்று, வெட்டினாற்போல.

"படிச்சுக் காட்டு."

படித்தேன். விலாசம் படிப்பதுபோலத்தான் இருந்தது.

"அப்படி இல்லடா."

திருத்தினேன். ஐந்து முறை திருத்தினேன். தந்தி மேசையருகே முழங்கையை ஒட்டிக்கொண்டு கிடந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் படித்த எதற்கும் அது காதை அசைக்கவில்லை.

"சரி, போ. அனுப்பு" என்றார் அண்ணன், காகிதத்தைப் பார்க்காமல். இடது கையால் கையெழுத்துப் போட்டார். அது கோணிக்கொண்டு அடிவரிக்குக் கீழே போயிற்று.

நாலாக மடித்து உறையிலிட்டு, பசை தடவி, ஓரத்தை நகத்தால் இரண்டு முறை அழுத்தினேன். தபால்தலை ஒட்டினேன். தெருமுனைப் பெட்டியில் பதினொன்றரை மணிக்கு எடுப்பார்கள். பதினொன்று இருபதுக்கே போய்ப் போட்டேன். பெட்டியின் வாயில் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். உள்ளே விழுந்துவிட்டிருந்தது.