சுடாத கப்

டிரைவர் மனைவிக்குக் கோபம் வந்தால் வாய் ஓயாது. துக்கம் வந்தாலும் அதே கதைதான். அந்தச் சனிக்கிழமை சமூகக்கூடத்தின் மாடிப்படி ஏறும்போதும், செத்துப்போன மனுஷனைத் திட்டிக்கொண்டேதான் ஏறினாள்.

"ரிடையர் ஆனா வீட்டுல காலை நீட்டி உட்கார வேண்டியதுதானே. மண்ணு பிசையணுமாம் மண்ணு! அதுவும் மாடியில!"

கீழே நடன வகுப்பில் பிள்ளைகள் போட்ட குதியில் கட்டடமே அதிர்ந்தது. படி திரும்பும் இடத்தில் அறிவிப்புப் பலகை. ஓவியம், கிடார், பாட்டு, நாடகம் என்று கலர் கலராகக் காகிதங்கள். களிமண் வகுப்பின் காகிதத்தில் 'தனியாகவும் வரலாம், ஜோடியாகவும் வரலாம்' என்று போட்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீயும் ஒரு நாள் வாயேன்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார் பாவம். "உங்களுக்குப் பொழுது போகலை, எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு" என்பாள். கடைசியாகக் கேட்டபோது என்னவோ மனசு இளகி, "சரி சரி, அடுத்த வாரம் வரேன்" என்றாள். அதற்கு நடுவிலேயே ஒரு காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. நாற்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு ஆளை இடித்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு இப்படி, சொல்லாமல் கொள்ளாமல்.

அவருடைய சாமான்களை எடுத்துப்போகத்தான் இப்போது வந்திருந்தாள்.

வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். களிமண் டீச்சர் சின்னப் பெண், முழங்கை வரைக்கும் சேறு. பக்கத்தில் பல் டாக்டர். அவரைப் பற்றி டிரைவர் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "அந்த ஆள் ஜாடி செஞ்சாலும் கடைவாய்ப்பல்லாத்தான்டி வருது!" இப்போது பார்த்தால் நிஜம்தான். அலமாரியில் வரிசையாக நாலு கடைவாய்ப்பல். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது.

சுவரில் அவருடைய பழைய யூனிஃபார்ம் சட்டை தொங்கியது. அதைத்தான் ஏப்ரனாகப் போட்டுக்கொள்வாராம். அவளோ அதை வீடு முழுக்கத் தேடியிருந்தாள்.

"இதுதாம்மா அவர் செஞ்சிட்டு இருந்தது. எங்க யாரையும் தொடக்கூட விடமாட்டார்" என்றாள் டீச்சர்.

சாம்பல் நிறத்தில் ஒரு கப். கப்பைவிடக் கைப்பிடி பெரிசாக, அகலமாக, ஒரு பக்கம் கோணலாக இருந்தது. அது சேரும் இடத்தில் கட்டைவிரல் அழுத்திய குழி, ரேகையோடு.

"டிரைவர் புத்தி போகுமா? கப்புக்கும் ஸ்டீரிங் மாட்டியிருக்கார் பாருங்க" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னும் சுடலைம்மா. புதன்கிழமை சூளையில வைக்கிறோம். இங்க ஒரு கண்காட்சி இருக்கு, அது முடிஞ்சதும் நீங்க எடுத்துட்டுப் போகலாம்."

"எதுல வைக்கிறீங்க?"

"சூளையில. நெருப்புல வெந்தாத்தான் அது…"

"வேணாம்."

கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு தடவை வச்சது போதும். அவரை வைக்கிறப்போ நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் நெருப்புல போடணுமா? என் உயிர் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்."

"அம்மா, சுடாததுல தண்ணி பட்டா…"

யார் காதில் விழுந்தது! அவள் அதற்குள் சட்டையை இழுத்து அதில் கப்பைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பல் டாக்டர் அவள் கையைத் தொட்டு, "விடும்மா. இப்ப அவங்க மனசு நோகக் கூடாது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், தூக்கிப் பார்ப்போமே என்று வலது கையை நீட்டினாள்.

அவளுடைய வலது கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். விரிப்புகளைத் தேய்க்கிற உருளையில் கை மாட்டி, நடுவிரலும் மோதிர விரலும் மடங்காமல் விறைத்துவிட்டன. எந்தக் கப்பின் காதிலும் அந்த விரல்கள் நுழையாது. அன்றிலிருந்து இடது கையில் டம்ளர்தான். விருந்தாளிகள் வந்தால் "நான் அப்பவே குடிச்சிட்டேன்" என்று சொல்லிவிடுவாள். இத்தனை வருஷமாகச் சொல்கிற பொய் அது.

கைப்பிடிக்குள் விரல்கள் போயின. விறைத்த இரண்டும் விறைத்தபடியே உள்ளே படுத்துக்கொண்டன. கோணல் என்று நினைத்த இடத்தில் சுண்டுவிரல் உட்கார்ந்தது. கப் அலுங்காமல் மேலே எழும்பி வந்தது.

"அடப்பாவி மனுஷா…"

ராத்திரி டி.வி. பார்க்கும்போதெல்லாம் அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தடவுவார். "விடுங்க, இந்த வயசுல என்ன கொஞ்சல்" என்று உதறுவாள். கொஞ்சல் மட்டும் இல்லை, அளவும் எடுத்திருக்கிறார் கள்ளன்! அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஓடிப்போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். அவருக்குப் பிடித்த மாதிரி சாயம் தூக்கலாக டீ போட்டாள். கப்பில் ஊற்றி, வலது கையால், ஒரு ராணியைப் போல மேலே தூக்கினாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். டீயின் மேல் குமிழிகள் வந்தன. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அடிப்பாகம் இளகி, சொத்தென்று மேஜையில் விழுந்தது. பதறிப்போய் இடது கையை அடியில் கொடுத்தாள். சுட்டது, அப்படியும் எடுக்கவில்லை. விரலிடுக்கு வழியாகச் சூடான சேறு ஒழுகிக்கொண்டே இருந்தது. "ஐயோ, ஐயோ, நில்லுங்க, போகாதீங்க" என்று கப்பிடமே கெஞ்சினாள்.

வலது கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சியது.

அடுத்த சனிக்கிழமை மாடிப்படி ஏறும்போது அவள் யாரையும் திட்டவில்லை. ஒரு பாத்திரத்தில் வழித்தெடுத்த சேறு, சட்டைக்குள் கைப்பிடி. இரண்டையும் டீச்சர் முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேனே" என்று டீச்சர் சொல்லவில்லை. நல்ல பெண். பல் டாக்டர்தான், "என் மேலதான் தப்பு. நான் குறுக்கே வந்திருக்கக் கூடாது" என்றார்.

"எத்தனை கைப்பிடி செஞ்சு உடைச்சார் தெரியுமாம்மா?" என்றாள் டீச்சர். "கண்ணை மூடிட்டு, தன் ரெண்டு விரலை விறைப்பா நீட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார். சரியா வரலைன்னா உடனே வாளியில போட்டுடுவார். ஏன்னு கேட்டா சிரிப்பார், அவ்வளவுதான்."

"இதை ஒட்டவைக்க முடியுமா?"

"முடியாதும்மா. காய்ஞ்சது ஈர மண்ணோட சேராது. இந்தச் சேத்தோட கைப்பிடியையும் ஊறப்போட்டா ஒரு கப்புக்கு மண்ணு தேறும். நான் சொல்லித் தரேன், நீங்களே செய்யலாம். அவர் தொட்ட மண்ணு, அதுல நீங்க டீ குடிக்கலாம். ஆனா அந்த விரல் குழி, ரேகை எல்லாம் கரைஞ்சு போயிடும்."

"இல்லாட்டி?"

"கைப்பிடியை மட்டும் சுடலாம். அப்புறம் அது கரையாது, என்னைக்கும் அப்படியே இருக்கும். ஆனா வெறும் கைப்பிடிதான்."

அவர் உட்கார்ந்த முக்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்தக் குழியில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அவர் விரல் பெரிசு, இவளுடையது உள்ளே தொளதொளவென்று ஆடியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நெருப்புலயே வைங்க" என்றாள்.

அப்புறம், "இல்ல, நானே வைக்கிறேன்" என்று எழுந்தாள். மின்சாரச் சூளையின் தட்டில் தன் கையாலேயே வைத்தாள். டீச்சர் கதவை மூடி, சுவிட்சைப் போட்டாள். இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

கண்காட்சி நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. கீழே பாட்டு, மேலே ஓவியங்கள், பல் டாக்டரின் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே ஒரே கூட்டம். மூலையில் வெள்ளைத் துணி மேல் செங்கல் நிறத்தில் அந்தக் கைப்பிடி. பக்கத்தில் ஓர் அட்டை: 'டிரைவர்'.

"இது எதோட உடைஞ்ச துண்டு?" என்று யாரோ கேட்டார்கள்.

"உடையலை. அவர் செஞ்சது முழுசாத்தான் இருந்துது. நான்தான் கரைச்சிட்டேன்" என்றாள்.

எல்லாருக்கும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். இவள் இடது கையில் வாங்கிக்கொண்டாள். 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்ததைச் சட்டை செய்யாமல், வலது கை விரல்களைக் கைப்பிடிக்குள் விட்டு எடுத்துக்கொண்டாள். டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்துபோனாள்.

"அடுத்த வாரம் வரேன்னு சொன்னேன்ல?" என்றாள் மெல்ல. "வந்துட்டேங்க."

பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது.