கவிழ்த்த கரண்டி

மாலை நாலரைக்குத் தெருவை மூடினார்கள். இரண்டு முனையிலும் தடுப்புப் பலகை. நடுவில் பாட்டு.

டயர் கடையும் பழைய இரும்புக் கடையுமாக இருந்த தெரு அது. இப்போது கடைக்குக் கடை சாப்பாடு. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு அடுப்பு. வருஷத்துக்கு ஒரு நாள் அவரவர் பாட்டையும் ஆட்டத்தையும் நடுத்தெருவுக்குக் கொண்டுவருவது என்று புதிதாக வந்தவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். இன்றுதான் முதல் தடவை.

மாஸ்டர் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி டயர் கடை காலியான இடத்தில் மச்சான் திறக்கும் கடைக்கு அவர்தான் சமையல். வாசலில் அடுப்பு. அடுப்பின் மேல் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு அண்டா. அண்டாவில் கோழி சூப். இன்று தெருவுக்கே இலவசம்.

"மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க மாமா," என்றான் மச்சான். "வர்றவன் துக்க வீடுன்னு நினைச்சுத் திரும்பிப் போயிடுவான்."

"அடுப்புச் சூடுடா."

"சூடு எல்லாருக்கும்தான். எதிர்க்கடைக்காரன் பாருங்க, பல்லைக் காட்டிக்கிட்டே ரொட்டியப் புரட்டிப் போடறான்."

மாஸ்டர் சிரித்து வைத்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அவருடைய மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்றுவரை திரும்பவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். அவளுடைய தம்பிக்குத் தெரிந்தால் மாஸ்டர் கையிலிருந்து கரண்டி போய்விடும். வாங்கிக்கொள்ளவும் ஆள் தயார். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர், ஏதோ பெரிய ஹோட்டலில் சமையல் வேலையை விட்டுவிட்டு வந்தவர், காலையிலிருந்து இரண்டு தடவை அண்டாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

காய்ச்சலுக்குப் பிறகு உப்பு மனைவியின் கைக்குப் போனது. போட்டுவிட்டால் மூடிமேல் கரண்டியைக் கவிழ்த்து வைப்பாள். போடாவிட்டால் நிமிர்த்தி வைப்பாள். வாயைத் திறக்காமல் இருவரும் பேசிக்கொள்ளும் பேச்சு அது.

அவர் உள்ளே போய் மல்லித்தழை நறுக்கிக்கொண்டு வந்தார். மனைவியைக் காணவில்லை. கரண்டி நிமிர்ந்திருந்தது.

தெருமுனையில் பெண்கள் கைகோத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவளுடைய புடவை தெரிந்தது, மறைந்தது. யாரோ இழுத்துப் போயிருக்கிறார்கள்.

கூட்டம் அண்டாவை நெருங்கிக்கொண்டிருந்தது. நாக்கு போனாலும் கை இருந்தது. மாஸ்டர் ஜாடியைத் திறந்து கைக்கணக்கில் உப்பை அள்ளிப் போட்டார். கலக்கினார். கரண்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஐயோ அங்கிள், மாத்திட்டீங்களா?"

மச்சான் படம் எடுக்கக் கூட்டி வந்திருந்த பெண். கழுத்தில் கேமரா.

"எதை?"

"கரண்டிய. இப்பதான் துடைச்சு அழகா நிமிர்த்தி வெச்சேன்."

அவர் கரண்டியைப் பார்த்தார்.

"நீ தொடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சும்மா? கவிழ்ந்தா, நிமிர்ந்தா?"

"கவனிக்கலையே அங்கிள். ஏன், கரண்டியில என்ன இருக்கு?"

அவர் மனைவிக்குப் போன் போட்டார். உள்ளே, உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் அது அடித்தது.

கூப்பிட்டுப் பார்த்தார். பாட்டு அவர் குரலை விழுங்கியது. போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று அடுப்பைத் தணித்தார். அதற்குள் மச்சான் வந்துவிட்டான், தொப்பிக்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டு.

"மாமா, இவரு நம்ம சூப்பைக் குடிச்சே ஆகணுமாம்."

"சும்மா கத்துக்கலாம்னுதான் மாஸ்டர்," என்றார் தொப்பிக்காரர். கண் அண்டாவில் இருந்தது.

"உங்க அக்கா வரட்டும்," என்றார் மாஸ்டர்.

"அக்கா ஆடட்டும் விடுங்க. எப்பப் பாத்தாலும் அவளையே ருசி பாக்க வெக்கறீங்க. கடை உங்களை நம்பித்தானே திறக்கறேன்? நீங்க குடிச்சிட்டு ம்னு சொல்லுங்க, ஊத்திடலாம்."

மச்சானே மூடியைத் திறந்து ஒரு கப் மொண்டு நீட்டினான். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். கேமராக்காரப் பெண் குனிந்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

மாஸ்டர் குடித்தார். சூடு இறங்கியது. அவ்வளவுதான். வெந்நீர் மாதிரி, பஞ்சு மாதிரி, ஒன்றுமே இல்லாதது மாதிரி.

ம் என்று சொல்லிவிடலாம். உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தால் அடுத்த வாய் தொப்பிக்காரருடையது. துப்பிவிட்டுச் சிரிப்பார்.

அவர் மனைவியை நினைத்தார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் சமையலிலும், பிள்ளை அழுதாலும் வாசலில் ஆள் கூப்பிட்டாலும், உப்பு போடாமல் அடுப்பை விட்டு நகர்ந்தவள் இல்லை. அப்படியானால் போட்டிருக்கிறாள். கரண்டி கவிழ்ந்துதான் இருந்திருக்கும்.

முகத்தைச் சுளித்தார். நன்றாகவே சுளித்தார்.

"உப்பு தூக்கலாயிருச்சு. யாரும் குடிக்காதீங்க. ரெண்டு குடம் வெந்நீர் ஊத்தணும்."

"அய்யய்யோ," என்றான் மச்சான். "ஊத்துங்க, ஊத்துங்க."

மாஸ்டர் வெந்நீர்க் குடத்தைத் தூக்கினார். அதற்குள் தொப்பிக்காரர் ஒரு கப் மொண்டு மெதுவாக உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். மாஸ்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சரியாத்தானே இருக்கு?" என்றார். "தண்ணி ஊத்தினா கெட்டுடும்."

மச்சான் வாங்கிக் குடித்தான். அவன் முகத்தில் சிரிப்பு ஒரு பக்கமாகக் கரைந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி ஓடி வந்தாள். தலை கலைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"என்னங்க, நான் இன்னும் உப்பே போடல! ஜாடியத் திறக்கறதுக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க போட்டீங்களா?"

அப்புறம்தான் தம்பியின் கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். தொப்பிக்காரரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் குடத்தைக் கீழே வைத்தார்.

மச்சான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவைத்தான் பார்த்தான்.

"எத்தனை நாளாக்கா மாமாவுக்கு ருசி தெரியல?"