வியாகுலம் வாங்கிய டீசல் காசு

டீசல் விலை ஏறிவிட்டது என்பதை வியாகுலம் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நோர்வூட் பெற்றோல் செட்டில் பம்புக்காரன் சிரிக்காமல் நின்றதைப் பார்த்தே தெரிந்துகொண்டான். எண்பதாம் வருஷத்தில் லொறி வைத்திருந்தவனுக்கு அந்த முகம் நன்றாகப் பழகியிருந்தது.

வியாகுலத்தின் லொறி பழையது. முன் கதவு ஒன்றைக் கயிற்றால்தான் கட்டவேண்டும். ஆனால் அது அவனுடைய சொந்த லொறி. சின்னக்காடு தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களில் லொறிக்குச் சொந்தக்காரன் ஆனவன் அவன் ஒருவன்தான். தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவது அவன் ஓட்டம். ஓட்டத்தைத் தோட்டம் நேரே அவனுக்குத் தராது. நோர்வூட் சிவசாமி முதலாளிதான் ஏஜென்ட். தோட்டம் அவருக்குக் கொடுக்கும், அவர் இவனுக்குக் கொடுப்பார்.

டீசல் விலை ஏறினால் ஓட்டக்கூலிக்கு மேலே தனியாக ஒரு தொகை தரவேண்டும் என்பது வழக்கம். லொறிக்காரர்கள் அதை டீசல் காசு என்பார்கள்.

"முதலாளி, டீசல் காசு?" என்று வியாகுலம் கேட்டான்.

சிவசாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தோட்டம் குடுத்தாத்தானப்பா நான் குடுக்க. நீ ஒரு லொறி வச்சிக்கிட்டு ஒரு கவல படுற. நான் பதினோரு லொறிக்குக் கவல படுறேன். எவனாவது எனக்கு ஆறுதல் சொல்றானா பாரு" என்றார்.

"போகயில சரக்கு இருக்குங்க. வரயில வெறும் லொறி. வர்ற டீசலும் என் தலையிலதான்."

"வேணாம்னா சொல்லு. அக்கரப்பத்தனையில ஒருத்தன் ஓட்டம் கேட்டு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டான்."

வியாகுலம் லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

கினிகத்தேனை இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டிப் பார்த்தான். பிரேக் கருகும் வாடை வந்ததும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்ப ஸ்டார்ட் செய்தான். அந்த வித்தை அன்றோடு போயிற்று. பிறகு மண்ணெண்ணெய் வித்தை பிடிபட்டது. டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் லொறி ஓடும். ஏற்றத்தில் இருமும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் மலிவு. ஆனால் கடையில் வீட்டுக்கு அளவு வைத்துத்தான் ஊற்றுவார்கள். லொறிக்காரனுக்குத் தரமாட்டார்கள்.

லயத்தில் வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் இருந்தது.

மேற்கணக்கில் யாருக்கு நோய் வந்தாலும் வியாகுலத்தின் லொறிதான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும். பிள்ளைப்பேறு என்றால் சாக்கு விரித்துப் பின்னால் படுக்கவைத்துக் கொண்டுபோவான். அதற்கு அவன் ஒருநாளும் கூலி கேட்டதில்லை. அவர்களும் கொடுப்பதாகச் சொன்னதில்லை. அது அவன் பிறந்த லயம்.

ஒரு சனிக்கிழமை பீலியடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது லொறியை நிறுத்தினான்.

"அக்கா, டீசல் ஏறிப்போச்சு. இப்படியே போனா ஆஸ்பத்திரிக்கு லொறி எடுக்க முடியாது. வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ண, வாரா வாரம் குடுத்தீங்கன்னா எப்படியாவது ஓட்டுவேன்."

சொல்லும்போது அவன் ஸ்டியரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி ஓட்டம் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். அதற்கு இவ்வளவு எண்ணெய் வேண்டாம் என்பது அவனுக்குத் தெரியும். கொழும்பு ஓட்டத்துக்குத்தான் கேட்கிறான் என்பதும் தெரியும்.

அழகம்மா குடத்தை இறக்கி வைத்தாள். பொன்னையாவின் மனைவி. "அதுக்கென்ன தம்பி, வெளிச்சத்துல உக்காந்து நாங்க என்ன கணக்கா எழுதப்போறோம்? விடியறதுக்குள்ள பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓடணும். தின்னுட்டுப் படுக்கத்தானே போறோம்."

"காளியாயி மாமியாருக்கு இருட்டுல வையத் தெரியாது. அதுதான் ஒரு கஷ்டம்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை முதல் ரோட்டோர மதகுக் கட்டையில் போத்தல்கள் வரிசையாக நின்றன. வாயில் கடதாசி அடைத்திருந்தது. வியாகுலம் அவற்றைத் தகரத்தில் ஊற்றிக்கொண்டு வெறும் போத்தல்களைத் திரும்ப வைத்துவிட்டுப் போவான். ஓட்டம் நிற்கவில்லை. லொறி தப்பியது. பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் போனால் லயம் இருட்டாகக் கிடக்கும். அடுப்பு வெளிச்சம் மட்டும் சில வாசல்களில் தெரியும். அவன் கியரை மாற்றிக்கொண்டு அந்த வளைவை வேகமாகக் கடந்துவிடுவான்.

தேயிலை ஏற்றும் லொறியில் எந்த வாடையும் இருக்கக்கூடாது. பக்கத்தில் கருவாடு இருந்தால் தேயிலை கருவாட்டை இழுத்துக்கொள்ளும். சவர்க்காரம் இருந்தால் அதையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஏற்றுமுன் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் லொறியின் பலகையில் மூக்கை வைத்துப் பார்ப்பார். வியாகுலம் தகரத்தை ஆசனத்துக்குப் பின்னால் சாக்கு மூடி வைத்திருப்பான். ஸ்டோர் கேட்டைத் தாண்டியதும், பின்னால் பெட்டிகளுக்கு இடையில் செருகி, தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டுவான். முன்னால் வைத்தால் தலையிடி வந்தது.

அவிசாவளையில் தேநீருக்கு நிறுத்தியபோது பலகை ஈரமாக இருந்தது. தகரத்தின் மூடி வளைவுகளில் ஆடி ஆடிக் கழன்றிருந்தது. சாக்கால் அழுத்தித் துடைத்தான். படங்கைத் திறந்து காற்றில் விட்டான். குனிந்து முகர்ந்தான். வாடையே இல்லை. மாதா காப்பாற்றினாள் என்று நிம்மதியாகப் புறப்பட்டான். வாரக்கணக்காக மண்ணெண்ணெயோடு கிடந்த மூக்கு அது என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று தேயிலையைக் கொழும்பில் வேண்டாம் என்றுவிட்டார்கள். திருப்பிக் கொண்டுவர வியாகுலத்தின் லொறியையே அனுப்பினார்கள். அவ்வளவு நாளில் முதல் தடவையாக, வரும் ஓட்டத்துக்கும் அவனுக்குச் சரக்கு கிடைத்தது.

ஸ்டோரில் பெட்டிகளை இறக்கியவன் பொன்னையா. பெட்டி அடைக்கும் அறையில் வேலை செய்பவன். முதல் பெட்டியைத் தோளில் வாங்கியதும் அவன் மூக்கு சுருங்கியது. லொறிப் பலகையைப் பார்த்தான். வியாகுலத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியோடு உள்ளே போனான்.

இரண்டு நாளில் பொன்னையாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று நோர்வூட் கடைத்தெருவில் வியாகுலம் கேள்விப்பட்டான். பெட்டி அடைத்த அன்று அந்த அறையின் மூலையில் பொன்னையாவின் அரிக்கன் லாந்தர் இருந்ததை டீமேக்கர் பார்த்திருந்தாராம். அதிலிருந்து எண்ணெய் கொட்டியிருக்கிறது என்று முடிவாகிவிட்டதாம். விசாரணை முடிந்தால் வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு.

வியாகுலம் அன்று பின்னேரமே லயத்துக்குப் போனான். பொன்னையா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"வாப்பா. லொறி ஓடுதா?"

"பொன்னையாண்ணே, அந்த லாந்தர்..."

"அதுல ஏதுடா எண்ண?" பொன்னையா கோடாலியைக் கட்டையில் குத்தி நிறுத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வீட்டு எண்ண உன் தகரத்துக்குப் போயிருச்சு. மவளுக்கு ராவுல காய்ச்சல். என்ஜின் ரூம்காரன்கிட்ட ரெண்டு சொட்டு ஊத்திக்கலாம்னு வெறும் லாந்தரத் தூக்கிட்டுப் போனேன். அவன் அன்னைக்கு வரல."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, ஒங்க வீட்டு எண்ண எங்க போச்சுன்னு கேப்பாங்க. லயம் பூரா எங்க போச்சுன்னு கேப்பாங்க."

வியாகுலம் குனிந்து, பிளந்து கிடந்த விறகை அடுக்கினான்.

"எனக்குச் சங்கத்துல பேசுவாங்க. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குத் திரும்ப வேலைக்குப் பேரு போட்டுருவாங்க. ஒனக்கு ஆரு பேசுவா? லொறி போனா போனதுதான். இங்க லயத்துல பேசி வச்சிட்டோம், ஆரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீ ஓட்டத்தப் பாரு" என்றான் பொன்னையா.

உள்ளேயிருந்து அழகம்மா, "தம்பிக்குத் தேத்தண்ணி போடவா?" என்று கேட்டாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. அவள் பாத்திரம் தேடித் தடவும் சத்தம் மட்டும் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். பொன்னையா அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான். அன்றைக்கு மனைவி றோசலின் போட்ட சோற்றில் கை வைக்க முடியவில்லை. தட்டிலும் மண்ணெண்ணெய் மணப்பதுபோல் இருந்தது. அவன் மூக்கு அப்போதுதான் அதைப் பிடித்தது.

மறுநாள் தோட்டத்து ஒபிசில் பெரிய அதிகாரியான துரையின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். தகரத்தையும் சொன்னான், மதகுக் கட்டையையும் சொன்னான். பக்கத்தில் நின்ற டீமேக்கரின் முகம் சிவந்தது.

"ஏன் மண்ணெண்ணெய் கலந்தது?" என்று துரை கேட்டார்.

"டீசல் காசு கெடைக்கலீங்க. அதக் குடுத்திருந்தா..."

"யார் சொன்னது கிடைக்கலன்னு? ஒவ்வொரு லோட்டுக்கும் டீசலுக்குத் தனியா நாங்க ஏஜென்டுக்குக் குடுக்கிறதுதானே. விலை ஏறின முதல் மாசத்திலேருந்து."

சிவசாமியின் வெற்றிலை மடிக்கும் விரல்கள் வியாகுலத்தின் கண்முன்னால் வந்தன. கோபம் வரும் என்று பார்த்தான். கொஞ்சம் வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே பீலியடி வந்தது, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே தான் கேட்டது வந்தது. சிவசாமியும் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டுதான் பொய் சொன்னார். தன்னிடமிருந்து அவர் எடுத்ததைத் தான் எங்கிருந்து எடுத்தோம் என்று நினைத்தபோது கோபத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

"ஏஜென்டை நான் கேட்கிறேன். பொன்னையா நாளைக்கு வேலைக்கு வரட்டும். உன்னோட லொறி இனி இந்தத் தோட்டத்துத் தேயிலையைத் தொடக்கூடாது" என்றார் துரை.

"சரிங்க" என்றான். வேறு எந்தத் தோட்டமும் இனித் தொடவிடாது என்பது அவனுக்குத் தெரியும். மரக்கறி மூட்டையோ விறகோ ஏற்றலாம், கிடைத்தால்.

வெளியே வந்தபோது சனிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. மதகை நெருங்கும்போதே போத்தல்கள் தெரிந்தன. ஒன்றும் குறையவில்லை. பொன்னையா வீட்டுப் போத்தலும் இருந்தது, அரைவாசியாக.

வியாகுலம் லொறியை நிறுத்தி, போத்தல்களைக் கையிலும் மார்பிலும் அணைத்து எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினான். முதல் வாசலில் காளியாயி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் நிறைமாதமாகச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"இந்தாங்க அக்கா. இனிமே வேணாம்."

காளியாயி போத்தலை வாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஏந்தம்பி, எண்ண பத்தலயா? இன்னொரு போத்தல்கூட ஆருகிட்டயாவது கேட்டு வாங்கித் தாறேன். இவளுக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ. லொறி வராதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போத்தலை அவள் காலடியில் வைத்தான்.

"வரும் அக்கா. கூப்பிட்டு விடுங்க. வரும்."

தேயிலை ஓட்டம் போய்விட்ட அவனுக்குப் பெற்றோல் செட்டில் இனி யார் கடன் தருவார்கள் என்று தெரியவில்லை. அடுத்த வாசலுக்கு நடந்தான். அங்கும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.