கிச்சாப்பும் காவடிப் பணமும்

அர்ச்சுனனுக்குப் பொங்கலில் கிஸ்மிஸ் ஆகாது. வாயில் பட்டாலே முகம் கோணிப்போகும். சரளாவோ கிஸ்மிஸ் போடாத பொங்கலைப் பொங்கல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். இத்தனை வருசக் குடும்பத்தில் தீராத இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது சோயா சாஸ் நிறத்துக்காகக் கிச்சாப் என்று பெயர் வாங்கிய கறுப்பு நாய்தான். அவர் பொறுக்கிப் போடுவார், அது லபக்கென்று விழுங்கும். போன வருசம் அப்படித்தான் நடந்தது, ஒரு குறையும் இல்லை.

கோப்பெங் பக்கத்திலுள்ள அந்தத் தாமான் குடியிருப்பில் பாதிப்பேர் ஒரே ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பொங்கலன்று வீட்டுக்கு வீடு கிண்ணம் அனுப்பும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. இந்த வருசம் அர்ச்சுனன் வீட்டு மேசை நிறையக் கிண்ணம். எல்லாவற்றிலும் கிஸ்மிஸ். காளியம்மா அக்கா வீட்டுப் பொங்கலில் அரிசியைத்தான் தேட வேண்டியிருந்தது. கிச்சாப்புக்கு அன்று ராஜ விருந்து.

மறுநாள் வாந்தி எடுத்தது. அதற்கு அடுத்த நாள், அர்ச்சுனன் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியைத் தெருமுனையில் திருப்பும்போதே கேட்டைப் பிராண்டுகிற நாய், சுருண்டு படுத்தபடி வாலை மட்டும் ஒரு தடவை அசைத்தது. அவர் சரளாவையும் நாயையும் லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு விட்டார்.

மிருக கிளினிக்கில் டாக்டர் திவ்யதர்ஷினி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அங்கிள், கிரேப்ஸ், கிஸ்மிஸ் ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"பொங்கல்ல இருந்ததுதாம்மா. நான்தான் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன்."

"நாய்க்கு அது விஷம் அங்கிள். சில நாய்க்கு ஒண்ணும் ஆவாது, சிலதுக்குக் கிட்னி போயிரும். இவன் கிட்னி வேலை செய்யல. இங்கயே வச்சு டிரிப் போடணும். ஒண்ணுக்கு வந்திருச்சுன்னா பொழச்சுக்குவான். செலவு மூவாயிரம் வெள்ளி கிட்ட வரும்."

அர்ச்சுனன் ஆசை ஆசையாகத் தன் கையாலேயே விஷம் ஊட்டியிருக்கிறார். அந்த விரல்களைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

மூவாயிரம் வெள்ளி வீட்டில் இருந்தது. ஆனால் அது முருகன் பணம். போன வருசம் சரளாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆப்பரேஷன் நடந்தபோது, அவள் நல்லபடியாக எழுந்தால் தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். அவளும் எழுந்து வந்து பழையபடி அவரை ஏசத் தொடங்கினாள். மயிலிறகுக் காவடி, உருமி மேளம் என்று ஓவர்டைம் ஓடிச் சேர்த்த பணம் அது. தைப்பூசம் நெருங்கிவிட்டது.

கிளினிக் வாசலில் சரளா சொன்னாள், "ஏங்க, அந்தக் காசை எடுங்க."

"அது உனக்காக வேண்டுனது சரளா. சாமி காசுல கைய வச்சிட்டு, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் என்னா பண்ணுவேன்?" அவருக்கு நாயும் வேண்டும், பெண்டாட்டியும் வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றது கைநழுவிவிடுமோ என்று உண்மையாகவே நடுங்கினார்.

"வேண்டிக்கிட்டப்ப என்னா சொன்னீங்க? காவடின்னு சொன்னீங்களா, மயிலிறகுக் காவடின்னு சொன்னீங்களா?"

யோசித்துப் பார்த்தார். "காவடின்னுதான்."

"உருமி மேளம்?"

"அது தனேசு சொன்னது." தனேஸ்வரன் அவருடைய லோரிக் கூட்டாளி.

"அப்ப மேளத்த முருகன் கேக்கல, தனேசு அண்ணன்தான் கேட்டிருக்காரு. சாதா காவடி எடுங்க லா. பால் சொம்பு கட்டிக்கிட்டு நடங்க, நானும் கூட வாரேன்."

அர்ச்சுனன் அங்கேயே நின்று தனேஸ்வரனுக்குப் போன் போட்டார். "என்னா மச்சான், மேளம் இல்லாமலா?" என்று அவன் அலுத்துக்கொண்டான். "நீ பக்கத்துல நின்னு கைத்தட்டு மச்சான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பணம் கட்ட ஒத்துக்கொண்டார்.

டிரிப் ஏறியது. தினமும் வேலை முடிந்து இருவரும் வந்து கூண்டருகே உட்கார்ந்தார்கள். கிச்சாப் அவர்கள் கையை நக்கியதே தவிர ஒரு சொட்டு ஒண்ணுக்கு வரவில்லை. கடைசியில் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நாளைக்கும் வரலன்னா, அவன் படுற கஷ்டத்த நாம நீட்டக் கூடாது அங்கிள்."

அர்ச்சுனன் தலை தொங்கிப்போனது. சரளா மட்டும் விடவில்லை.

"இவன் கட்டடத்துக்குள்ள ஒரு நாளும் போனதில்ல டாக்டர். கூண்டுல வெக்கப்படுறானோ என்னமோ. வெளிய புல்லுல விட்டுப் பாக்கலாமா?"

கிட்னிக்கு வெட்கம் கிடையாது என்று சொல்ல டாக்டர் வாயெடுத்தார். ஆனால் நாயின் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்ததும், "ஒண்ணுக்கு கொஞ்சம் சேந்த மாதிரிதான் இருக்கு. வாங்க," என்றார்.

அர்ச்சுனன் நாயைத் தூக்கிக்கொண்டார். சரளா டிரிப் பையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். புல்லில் இறக்கியதும் கிச்சாப் தள்ளாடியது. லோரி டயரை மோந்தது. காலைத் தூக்கப் பார்த்து முடியாமல் அப்படியே குந்தியது. முதலில் ஒன்றிரண்டு சொட்டு. பிறகு நிற்காமல் வந்தது, அர்ச்சுனனின் செருப்பு நனைந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. டாக்டர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

"கை வலிக்கும் ஆன்ட்டி, பையை எங்கிட்ட குடுங்க," என்றார் டாக்டர்.

"இருக்கட்டும்," என்றாள் சரளா. "அவன் முடிக்கட்டும்."